கோல்ட் ப்ளானில் ஒரு பிணம்!

யோகராணி அலறவில்லை.

முதலில் அடுப்பை அணைத்தாள். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தாள்.

குசினி மேசையில், விரித்து வைத்த ஃபாரத்தின் மேல் கன்னத்தை வைத்துக் கிடந்தான் விவேக். விரல்களுக்கு நடுவே பேனா. கண்கள் திறந்திருந்தன.

எதையும் பார்க்கவில்லை!

"இஞ்சேருங்கோ... இந்தத் தம்பி கதைக்கிறார் இல்ல."

எதிர்க் கதிரையில் அவள் கணவர் கேதீஸ்வரன். வயது அறுபத்தெட்டு. முப்பத்தொரு வருடம் கோழி ஃபாக்டரியில் நின்றே தேய்ந்த கால்கள். ரிட்டையர் ஆகி இன்றோடு ஒன்பது நாள்.

"நித்திரையாக்கும்," என்றார்.

"கண்ணைத் திறந்துகொண்டோ?"

கேதீஸ்வரன் கையை நீட்டி விவேக்கின் கழுத்தைத் தொட்டார். ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரக்கணக்கில் கழுத்துகளைத் தொட்ட கை. அதற்கு டாக்டர் தேவையில்லை.

"ஆள் முடிஞ்சுது, யோகா."

"இப்பத்தானே கோல்ட் ப்ளான் எடுங்கோ எண்டு சொன்னவர்?"

"ஓம். இப்ப சொல்ல மாட்டார்."

சிட்னி, லிட்கம். செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்து. கீழே ரோட்டில் குப்பை லாரி போய்க்கொண்டிருந்தது. கேதீஸ்வரன் போனை எடுத்து ஆம்புலன்ஸ் எண்ணை, மூன்று பூச்சியத்தை, அழுத்தினார். ஒவ்வொன்றாக. நிதானமாக.

ஆம்புலன்ஸ்காரர்கள் இருபது நிமிடம் விவேக்கின் நெஞ்சோடு மல்லுக்கட்டினார்கள்.

நிறுத்தினார்கள்.

அடுத்தது போலீஸ்!

டிடெக்டிவ் சந்திரிகா உள்ளே வந்தாள். ஈப்போவில் பிறந்தவள். சிட்னிக்குப் படிக்க வந்து, படிப்பை முடித்து, போலீஸாகி இங்கேயே தங்கிவிட்டவள். அவளுக்குப் பின்னால், பிணத்தைப் பார்த்து எச்சில் விழுங்கிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரக் கான்ஸ்டபிள்.

"அங்கிள், நானும் தமிழ்தான். மலேசியா. பயப்படாதீங்க."

"பயம் ஒண்டும் இல்லைப் பிள்ளை."

உண்மைதான். அந்த முகத்தில் பயமும் இல்லை, பரிதாபமும் இல்லை. ஃப்ரீசரில் வைத்து எடுத்த முகம். சந்திரிகாவுக்கு அதுதான் பிடிக்கவில்லை!

"யாரு இவரு?"

"மருந்துக்குக் காப்புறுதி, இன்சூரன்ஸ் விக்கிற தம்பி. பேர் விவேக்."

"மருந்துக்கா? உங்களுக்குத்தான் பென்ஷன் கார்ட் இருக்குமே?"

"அரசாங்க லிஸ்ட்ல இருக்கிற மருந்துதான் பிள்ளை கார்ட்டுக்கு மலிவு. இவவின்ர முழங்கால் ஊசி லிஸ்ட்ல இல்ல. வேலையில நிக்கேக்க கொம்பனி எடுத்துத் தந்த காப்புறுதி ஒண்டு இருந்தது. வேலை போக அதுவும் போட்டுது."

"அப்ப புதுசா ஒண்ணு எடுக்க இவரைக் கூப்பிட்டீங்க."

"ஓம். கோல்ட் எண்டொண்டு, சில்வர் எண்டொண்டு. கோல்ட்ல ஊசிக்கு முழுக்கத் தருவினமாம், பல்லுக்கு இல்லையாம். சில்வர்ல பல்லுக்கு இருக்காம், ஊசிக்குப் பாதிதானாம். ரெண்டு கிழமையா மண்டையைப் போட்டு உடைக்கிறம்."

"எனக்குப் பல்லே இல்ல," என்றாள் யோகராணி. "கோல்ட் எண்டு அண்டைக்கே சொன்னனான். இவர் கேட்டால்தானே?"

"கையெழுத்து போட்டீங்களா?"

"போட முதல் அவர் விழுந்திட்டார்."

"டீ குடுத்தீங்களா ஆண்ட்டி?"

"இதென்ன கேள்வி? வீட்டுக்கு வந்த ஆளை வெறும் வாயோட விடுறதோ? குடுத்தனான். ரெண்டு மிடறு குடிச்சவர்."

கான்ஸ்டபிள் அந்தக் கோப்பையைக் கையுறையால் தூக்கிப் பையில் போட்டான்.

சந்திரிகாவின் பார்வை குளிர்சாதனப் பெட்டியின் மேல் போய் நின்றது. அங்கே வரிசையாக மருந்துப் பெட்டிகள்.

"இதெல்லாம் யாரோடது?"

"என்ர. இருதயத் துடிப்பு ஓடாமல் பிடிச்சு வைக்கிற குளிசை."

சந்திரிகா எண்ணிப் பார்த்தாள். பெட்டியில் ஒட்டியிருந்த தேதியைப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள்.

இரண்டு பெட்டி குறைந்தது!

வெள்ளிக்கிழமை காலை. சந்திரிகாவின் மேசையில் போன் அலறியது.

"சந்திரிகா ஹியர்..."

ஆஸ்பத்திரியில் இருந்து. கேட்டாள். எழுதினாள். போனை வைத்தாள்.

விவேக்கின் ரத்தத்தில் இருதயக் குளிசை! ஒன்றிரண்டு அல்ல... கைநிறைய. கேதீஸ்வரன் தினமும் விழுங்கும் அதே குளிசை!

அரை மணியில் கேதீஸ்வரன் ஸ்டேஷனில் இருந்தார். கூடவே யோகராணி, மடியில் சோற்றுப் பெட்டியுடன்.

"அங்கிள், ஒரு விஷயம் சொல்லவா? விவேக் சொன்ன கம்பெனி இந்த நாட்டுலயே இல்ல. கோல்டும் இல்ல, சில்வரும் இல்ல. வயசானவங்களா பாத்து ஏமாத்திக்கிட்டு இருந்தான்."

"அப்பிடியே?"

"அது உங்களுக்கு முன்னமே தெரிஞ்சு போச்சு. கோவம் வந்துச்சு. டீயில போட்டீங்க. சரிதானே?"

"கோபம் வாறதுக்கும் ஒரு தெம்பு வேணும் பிள்ளை. என்னட்ட இல்ல."

"அப்ப ரெண்டு பெட்டி எங்க போச்சு?"

கேதீஸ்வரன் மனைவியின் மடியில் இருந்த சோற்றுப் பெட்டியைப் பார்த்தார்.

"அங்கிள்!"

"ஒரு ஆளுக்குக் குடுத்தனான். தன்ர முடிஞ்சுது, டொக்டரிட்டப் போக நேரமில்ல எண்டு கேட்டது. எங்கட ஆக்களுக்கை இது வழமை. சீனி முடிஞ்சா வாங்கிற மாதிரிக் குளிசையும் வாங்குவம்."

"யாரு அந்த ஆளு?"

"சொல்ல மாட்டன்."

"சொல்லலைன்னா இன்னிக்கே உங்க மேல கொலை கேஸ் எழுதிடுவாங்க லா! சாகுற வரைக்கும் உள்ளதான் இருக்கணும். புரியுதா?"

"விளங்குது. அந்தாளின்ர வீட்டில செத்தவீடு முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகேல்ல. நான் பேர் சொல்லி, நீங்கள் ஜீப்பில போய் இறங்கி... வேண்டாம் பிள்ளை."

யோகராணி சோற்றுப் பெட்டியைத் திறந்தாள். மூடினாள்.

"முப்பத்தொரு வருசம் ஃபாக்டரியில வாய் திறக்கேல்ல. சம்பளத்தைக் குறைக்கேக்கயும் திறக்கேல்ல. இப்ப ஜெயிலுக்கு அனுப்பப் போறாங்கள், இப்பவும் திறக்கேல்ல. நான் தனிய அந்த யூனிட் வீட்டில என்ன செய்யிறது? சுவரோட கதைக்கிறதோ?"

"சாப்பாட்டைத் தா, யோகா."

அவள் தந்தாள். அவர் சாப்பிட்டார்.

சந்திரிகா எரிச்சலோடு வெளியே வந்தாள். கான்ஸ்டபிளைப் பிடித்தாள்.

"விவேக் அன்னிக்கு வேற எங்க போனான்?"

"ஒன்பதரைக்கு ஹரிஸ் பார்க். ஒரு விதவைப் பெண்மணி. போய்க் கேட்டேன். வந்தான், டீ குடித்தான், நன்றாகத்தான் போனான் என்றார்," என்று இங்கிலீஷில் ஒப்பித்தான் கான்ஸ்டபிள்.

"அங்க எழுதி வாங்கின ஃபாரம்?"

"விவேக்கின் பையில் இருந்தது. கேள்விகள்தான் இங்கிலீஷ். பதில்கள் வேறு ஏதோ பாஷை. மொழிபெயர்ப்பாளருக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அடுத்த புதன்கிழமை வருவார்."

"வேற ஏதோ பாஷையா? காட்டு!"

காட்டினான்.

தமிழ். குண்டு குண்டான, அழுத்தி எழுதிய தமிழ்.

"மூணு நாளா இதைப் பெட்டியில வச்சுப் பூட்டியிருக்கியே... நான் தமிழ் ஸ்கூல்ல படிச்சவ! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீங்கள் தமிழ் பேசுவீர்கள் என்று தெரியும். படிப்பீர்கள் என்று தெரியாதே!"

சந்திரிகா பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள்.

பெயர்: சிவகௌரி அருந்தவன். வயது எழுபது. கணவர்: காலமாகிவிட்டார்.

ஏழாவது கேள்வி. உங்களிடம் தற்போது உள்ள மருந்துகள், பெற்ற இடம், பயன்படுத்திய அளவு.

பதிலைச் சந்திரிகா இரண்டு தடவை படித்தாள்!

'இருதயக் குளிசை இரண்டு பெட்டி. தந்தவர் கேதீஸ்வரன் அண்ணை. என்னத்துக்கு வாங்கினேன் என்று அவருக்குத் தெரியாது. இன்று காலை இடித்து இஞ்சித் தேத்தண்ணியில் போட்டேன். குடிக்கப் போகிறவர் விவேக். மிச்சம் பன்னிரண்டு.'

"காரை எடு!"

ஹரிஸ் பார்க். மதியம். இனிப்புக் கடை வாசலில் ஜிலேபி வாங்க நின்ற கூட்டத்தைத் தாண்டி, மாடிப்படி ஏறினார்கள்.

தட்டவே வேண்டியிருக்கவில்லை. கதவு திறந்தே இருந்தது. உள்ளே கதிரையில் சேலை கட்டி, தலை வாரி, காலடியில் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தாள் சிவகௌரி.

"வாங்கோ. ஏன் இவ்வளவு லேட்? செவ்வாய்க்கிழமையில இருந்து பையைக் கட்டி வச்சுக்கொண்டு இருக்கிறன்."

சந்திரிகா வாசலிலேயே நின்றாள்.

"ஆண்ட்டி... அன்னிக்கு இந்தக் கான்ஸ்டபிள் வந்தாரே. ஏன் சொல்லல?"

"வந்தவரோ எண்டு கேட்டார். ஓம் எண்டனான். தேத்தண்ணி குடிச்சவரோ எண்டு கேட்டார். ஓம் எண்டனான். தேத்தண்ணிக்கை என்ன கிடந்தது எண்டு கேக்கேல்ல. அதுதான் எழுதிக் குடுத்திருக்கிறனே எண்டு விட்டிட்டன்."

"ஏன் ஆண்ட்டி இப்படிப் பண்ணீங்க?"

சிவகௌரி சுவரைப் பார்த்தாள். சுவரில் அருந்தவனின் படம். மாலை காய்ந்திருந்தது.

"இவருக்கு நுரையீரல்ல வருத்தம். அதுக்குரிய மருந்து லிஸ்ட்ல இல்ல. நல்ல காப்புறுதி ஒண்டு வச்சிருந்தவர். அந்தத் தம்பி வந்து, அதை நிப்பாட்டிப்போட்டு கோல்ட் எடுங்கோ, ரெண்டுக்கும் ஏன் கட்டுவான் எண்டது. நிப்பாட்டினார். மருந்து எடுக்கப் போனால் கோல்ட் எண்டு ஒண்டும் இல்ல. போன் பண்ணினால் இலக்கம் பாவனையில இல்லையாம்."

"பழைய கம்பெனிக்கே திரும்பிப் போயிருக்கலாமே?"

"போனவர். முந்தியே இருந்த வருத்தத்துக்குப் பன்னிரண்டு மாசம் பொறுக்க வேணுமாம். குளிசையைப் பாதியாய் உடைச்சுப் போட்டுப் பாத்தார். அஞ்சு மாசம் பொறுத்தார். அதுக்கு மேல ஏலாமல் போட்டுது."

அழவில்லை. பஸ் வரும் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அப்புறம் விவேக் எப்படி மறுபடி வந்தான்?"

"துக்கம் விசாரிக்க வந்தவர், பிள்ளை. விசாரிச்சுப்போட்டு, 'அன்ரி, இனி நீங்கள் தனி ஆள்தானே... தனி ஆளுக்கு மலிவா ஒரு ப்ளான் இருக்கு' எண்டு பேப்பரை எடுத்தார். செவ்வாய்க்கிழமை வாரும் தம்பி எண்டனான்."

கான்ஸ்டபிளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"கொலை பண்றவங்க மறைப்பாங்க ஆண்ட்டி. நீங்க ஃபாரத்துலயே எழுதிக் குடுத்திருக்கீங்க!"

"அகதியா வந்த நாளில ஒரு ஃபாரத்தில ஒரு திகதி பிழைச்சுப் போச்சு. அந்த ஒரு திகதிக்கு ரெண்டு வருசம் எங்களை இழுத்தடிச்சவங்கள். அண்டைக்கு இவர் சொன்னவர்... இனிச் சாகுமட்டும் எந்த ஃபாரத்திலயும் உள்ளதை உள்ளபடி எழுதோணும் எண்டு. நான் ஒரு நாளும் மீறினதில்ல. இந்தத் தம்பியின்ர ஃபாரத்துக்காக மீறுறதோ?"

"அந்தக் குளிசையால கேதீஸ்வரன் அங்கிள்தான் இப்ப மாட்டியிருக்கார்."

முதல் தடவையாக அந்த முகம் அசைந்தது.

"அண்ணையையோ? ஐயோ... அவருக்குத் தெரியாது எண்டு எழுதினனானே! நீங்கள் ஒருத்தரும் வாசிக்கேல்லையோ?"

சந்திரிகா கான்ஸ்டபிளை முறைத்தாள். செல்போனை எடுத்து ஸ்டேஷனுக்குப் பேசினாள். "அங்கிளை வீட்டுக்கு அனுப்புங்க. இப்பவே. ஆமா, ஜீப்லயே கொண்டு போய் விடுங்க."

போனைப் பையில் போட்டாள். ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது.

"விவேக் எதிர்ல உக்காந்திருக்கான். அவன் கண்ணு முன்னாடி இதை எழுதியிருக்கீங்க. அவன் பாக்கலையா?"

"பாத்தவர். இங்கிலீஷில எழுத வராது தம்பி எண்டு சொல்ல, 'எந்தப் பாஷையில எழுதினாலும் ஓகே அன்ரி' எண்டவர்."

"எந்தப் பாஷையா இருந்தா என்ன! குப்பையில போடப் போற ஃபாரம்தானே."

"எழுதி முடிச்சுப்போட்டு ஃபாரத்தை அவரின்ர பக்கம் திருப்பி வச்சனான். தேத்தண்ணியும் பக்கத்தில ஆறிக்கொண்டு இருந்தது. வடிவா வாசிச்சுப் பாரும் தம்பி எண்டு மூண்டு தரம் சொன்னனான். வாசிச்சிருந்தால் எழும்பி ஓடியிருப்பார். நானும் போகட்டும் எண்டு விட்டிருப்பன்."

"படிச்சானா?"

"சிட்னியில பிறந்த பிள்ளை. தமிழ் கதைக்கத் தெரியும், எழுத்துத் தெரியாது. தெரியாது எண்டு சொல்ல வெக்கம். கண்ணை மேலயும் கீழயும் ஓட்டிப்போட்டு, 'எல்லாம் பெர்ஃபெக்ட் அன்ரி' எண்டு சொல்லிக் கையெழுத்துப் போட்டார். போட்டிட்டுத்தான் குடிச்சவர்!"

சந்திரிகா ஃபாரத்தின் பின்பக்கத்தைத் திருப்பினாள்.

அடியில் ஏஜெண்டுக்காக இங்கிலீஷில் அச்சடித்த ஒரு வரி. 'மேலே உள்ள பதில்கள் அனைத்தையும் படித்துப் பார்த்தேன். எனக்கு முழு சம்மதம்.'

கீழே ஸ்டைலாக வளைத்துச் சுழித்த கையெழுத்து.

விவேக்!

தேதி. நேரம். ஒன்பது ஐம்பத்திரண்டு.

சிவகௌரி பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். ஜன்னலைச் சாத்தினாள். அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். "போவம், பிள்ளை."

கான்ஸ்டபிள் சந்திரிகாவின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "மேடம்... அந்தப் பேப்பரில் அப்படி என்னதான் இருக்கிறது?"

சந்திரிகா ஃபாரத்தை மடித்து உறையில் போட்டாள்.

"அவன் வித்த பாலிசியிலயே ஒழுங்கா க்ளெய்ம் ஆனது இது ஒண்ணுதான்!"