ஆறாவது கிலோமீட்டர்ப் பள்ளம்

அந்தப் பள்ளம் நாற்பது மீட்டர் நகர்ந்திருந்தது.

ஹட்டன் முனை அறையில் இக்னேசியஸ் கண்களைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தான். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வரை புதைத்த கண்ணாடி நாருக்குள் ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து எங்கே குறை என்று காட்டும் கருவி அது. நார் மடங்கிய இடத்தில் பச்சைக் கோடு சிறிய பள்ளமாக இறங்கும். மண் சரிந்த ஆறாவது கிலோமீட்டரில் ஒரு பள்ளம் இருப்பது அவனுக்குத் தெரிந்ததுதான். காலையில் 6.10 என்று எழுதி வைத்திருந்தான். இப்போது, பகல் இரண்டு மணிக்கு, 6.14.

ஒளியின் அதிர்வெண் பிசகினால் தூரக் கணக்கும் பிசகும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவன் மனதார விரும்பினான். அந்த 1988ஆம் வருடத்து ஐப்பசி மழை தகரக் கூரையில் இரைந்துகொண்டிருக்க, ஈர மண்வாடையும் சூடான கருவியின் தூசி வாடையும் கலந்து மூச்சை அடைக்க, சன்னலுக்கு வெளியே பனிமூட்டம் தேயிலையை வரிசை வரிசையாக மறைத்துக்கொண்டு கிட்டே வர, அவன் அளவுப் பெட்டியை எடுத்து இணைத்தான். அதற்குள் வாயு அடைத்த கண்ணாடிக் குப்பி இருந்தது. குறித்த அதிர்வெண்ணில் வரும் ஒளியை மட்டும் அந்த வாயு உறிஞ்சிக்கொள்ளும். மழையோ குளிரோ அதை அசைக்காது. வாயு உறிஞ்சிய இடத்தில் விழும் கருங்கோடு தன் இடத்திலேயே நின்றது. கருவியில் பிசகில்லை.

பள்ளம் 7.3இல் இருந்தது.

கருவி சரியாக இருப்பதற்காக ஒருவன் பயப்படுவான் என்று யாராவது சொல்லியிருந்தால் அவன் சிரித்திருப்பான். அந்த மண்சரிவில் அகப்பட்டவன், நார் புதைக்க வெட்டிய கானை மூட வந்த அழகன். மண்ணுக்குள்ளிருந்து அவன் கூப்பிட்டதை இக்னேசியஸும் அவனோடு வேலை பார்த்த மூத்தவர் ஆண்டியப்பனும் கேட்டார்கள். தோண்டினால் நார் அறுந்துபோகும், திறப்பு விழாவுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்றார் மேலதிகாரி. 'உள்ளே ஆள் இல்லை' என்ற காகிதத்தில் முதல் கையெழுத்து ஆண்டியப்பனுடையது. இரண்டாவது இக்னேசியஸுடையது. அழகன் எங்கோ ஓடிப்போய்விட்டான் என்று அவன் மனைவி வீரம்மாவிடம் போய்ச் சொன்னதும் இவர்கள்தான்.

ஆண்டியப்பன் இப்போது மஸ்கெலியா முனையில் தனியாக இருந்தார். கூடவே புதைத்த இன்னொரு நார் வழியாக அவரோடு பேசலாம்.

“அண்ணே, கேக்குதுங்களா? அந்த மடிப்பு நகருதுங்க. உங்க பக்கமாத்தான் வருது. பதினோராவது கிலோமீட்டரத் தாண்டிருச்சு.”

அந்தப் பக்கத்து மழை இரைச்சலுக்கு நடுவே ஆண்டியப்பனின் குரல் வந்தது.

“பொட்டிய வச்சுப் பாத்தியா தம்பி?”

“பாத்தேன்ணே. பொட்டி சரியாத்தான் இருக்கு. ஆளு நடக்கிற வேகத்துல வருது.”

“எங்கேருந்து?”

“ஆறாவதுலேருந்து.”

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“அங்கேருந்து கெளம்பிருங்கண்ணே.”

“எங்க போறது? பாலத்துக்கிட்ட ரோடு ஒடஞ்சு கெடக்கு. கதவ பூட்டிக்கிறேன்.”

இக்னேசியஸ் செபம் சொல்லப் பார்த்தான். வீரம்மாவின் முகம்தான் வந்தது. வெட்கமாக இருந்தது.

பதினைந்து. பதினேழு. 18.6.

“தம்பி, வெளிய மண்ணு சரியிற சத்தம் கேக்குது.”

“அங்க சமதரைதானேண்ணே.”

“ஆமா. சமதரைதான்.”

18.8.

“கதவுக்கடியில சேறு வருது.”

19.0. நாரின் முனை.

அந்தப் பக்கத்து மழைச் சத்தம் நின்றது. வாயில் மண் அடைந்த ஒருவன் மூச்சு விட முயலும் சத்தம் வந்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு அதுவும் இல்லை.

திரையில் பள்ளம் மறைந்தது. பச்சைக் கோடு நேரானது. அப்பாடா என்று ஒரு மூச்சு வெளியே வந்தது. அந்த மூச்சுக்காக இக்னேசியஸ் தன்னையே வெறுத்தான்.

18.9இல் பள்ளம் மறுபடியும் இறங்கியது.

அதன் பக்கத்தில் இன்னொன்று.

18.8.

இரண்டும் ஒரே நடையில், ஹட்டன் பக்கமாக வந்துகொண்டிருந்தன.