காய்கறி வண்டியும் ஒரு கொக்கியும்

அந்த வாரத்தில் மூன்றாவது முறையாகக் பெய்ஷானின் அம்மா ஓட்டும் நீலக் காய்கறி வண்டியின் பின்விளக்குகள் அணைந்தன.

தைவானின் அந்த மலைச்சாலையில் பிற்பகல் ஆனாலே பனிமூட்டம் இறங்கிவிடும். விளக்கு இல்லாத வண்டி பின்னால் வருபவர் கண்ணுக்கே தெரியாது. தபால்காரரின் ஸ்கூட்டர் கிறீச்சென்று பிரேக் போட்டு, வண்டியின் முதுகில் முட்டாமல் ஒரு முழம் தள்ளி நின்றது.

"அக்கா, உயிரே போயிருக்கும்! லைட்ட போட்டு ஓட்டக் கூடாதா?" என்று தபால்காரர் கத்தினார்.

"போட்டுத்தான்யா இருக்கேன்! எல்லாம் அந்த ஆஷெங் பண்ற வேலை!" என்றாள் அம்மா.

ஆஷெங், ஊருக்குப் புதிதாக வந்த மெக்கானிக். பத்து நாள் முன்பு அவன்தான் இடதுபக்க விளக்கை மாற்றினான். அதன் பிறகு பின்விளக்குக்கான ஃபியூஸ் அடிக்கடி எரிந்துபோனது. காலையில் வண்டியைக் கொண்டுபோனால், அவன் டெஸ்டரும் கையுமாக ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்ப்பான். எல்லாம் சரியாகவே இருக்கும்.

"எங்கயோ ஷார்ட் ஆகுதுக்கா. ஆனா எங்கேன்னு பிடிபடல" என்று தலையைச் சொறிவான்.

அம்மாவின் குரல் மூன்று ஊருக்குக் கேட்கும். அன்று கோயில் வாசலில் முட்டைக்கோஸ் வாங்க வந்த எல்லோரிடமும் சொன்னாள்: "அவன் கடைக்கு மட்டும் வண்டிய கொண்டுபோயிடாதீங்க!"

பக்கத்தில் நின்று டோஃபு என்ற சோயாக்கட்டியை எடுத்துக் கொடுத்த பெய்ஷானும் சும்மா இருக்கவில்லை. அவளுக்குப் பதினோரு வயது. வாய்க்கு வயது இன்னும் கூட.

"அவரு மெக்கானிக்கே இல்ல. ஃபியூஸ் தின்னி!" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். பெய்ஷானுக்குப் பெருமையாக இருந்தது. மறுநாளே பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள் ஆஷெங்கின் கடை முன்னால் நின்று, "ஃபியூஸ் தின்னி! இன்னிக்கு எத்தன தின்ன?" என்று கத்தினார்கள். அவன் நிமிரவே இல்லை. துடைத்த ஸ்பேனரையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான். கடைக்குள் ஒரு வண்டிகூட இல்லை.

சனிக்கிழமை பெய்ஷான் நாள் முழுக்க அம்மாவோடு வண்டியில் போனாள். பனிமூட்டத்திலும் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே.

"தானா சரியாயிடுச்சு போல" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை மாலை பள்ளிக்கூட வாசலில் பெய்ஷான் வண்டியில் ஏறினாள். புத்தகப் பையை இருக்கைக்குப் பின்னால் இருந்த கொக்கியில் மாட்டினாள். வளைவு திரும்பியதும் வண்டி குலுங்கியது. எங்கோ 'பட்' என்று மெல்லிய சத்தம். விளக்குகள் போயின.

அம்மா திட்டிக்கொண்டே ஓரங்கட்டி, புது ஃபியூஸ் எடுத்துப் போட்டாள்.

பெய்ஷான் திட்டவில்லை. அவள் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனி, ஞாயிறு பை இல்லை. விளக்கு எரிந்தது. காலையில் ஆஷெங் பார்க்கும்போதும் பை இல்லை. அது அவளோடு பள்ளிக்கூடத்தில் இருக்கும்.

ஆஷெங் விளக்கை மாற்றிய அதே வாரம் அந்தக் கொக்கியை மாட்டியது அவள்தான். பை உருண்டு முட்டைத் தட்டை உடைத்துவிட்டதே என்று, அப்பாவின் திருப்புளியை எடுத்து, இருக்கைக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் மூடிமேல் நீளமான திருகாகப் பார்த்து முடுக்கியிருந்தாள். யாரையும் கேட்கவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் அம்மா காய்கறி எடைபோட இறங்கினாள். பெய்ஷான் பையைக் கழற்றி வைத்தாள். விளக்கைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். எரிந்தது. பிறகு கொக்கியைக் கையால் கீழே அழுத்தினாள்.

பட்.

அவளுடைய காது இரண்டும் சுட்டன. திருகைக் கழற்றி, மூடியைக் கொஞ்சம் நெம்பிப் பார்த்தாள். உள்ளே ஒரு ஒயரின் தோல் கிழிந்து, செம்புக்கம்பி மினுங்கியது. பையின் கனத்தில் திருகு சாயும்போதெல்லாம் அந்தக் கம்பி வண்டியின் தகட்டில் பட்டிருக்கிறது.

எரிந்த ஃபியூஸை மாற்றிவிட்டு, கொக்கியையும் திருகையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். இனி விளக்கு அணையாது. யாருக்கும் தெரியப்போவதில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் மூங்கில்குருத்து சூப் வைத்திருந்தார்கள். அவளுக்கு மிகவும் பிடித்தது. ஒரு வாய்கூட இறங்கவில்லை. கண்ணை மூடினால், ஆஷெங் அந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் மாலை அவள் ஆஷெங்கின் கடைக்குள் போனாள். அவன் அவளைக் கண்டதும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள்தான் அந்தப் பெயரை வைத்தவள் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

பெய்ஷான் கொக்கியையும் திருகையும் மேசைமேல் வைத்தாள். யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோனது.

"அண்ணா... ஷார்ட் எங்கேன்னு கண்டுபிடிச்சிட்டேன். நான்தான்."

ஆஷெங் திருகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அதன் நுனியில் செம்பு ஒட்டியிருந்தது.

"நெசமாவா? பை மாட்டினாத்தான் ஷார்ட் ஆச்சா?" அவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். "ரெண்டு வாரமா தூக்கமே இல்ல எனக்கு! வேலையே தெரியலயோன்னு சொந்த ஊருக்கே திரும்பிப் போயிடலாம்னு இருந்தேன்."

பெய்ஷானுக்கு அழுகை வந்துவிட்டது. "நான்தான் அந்தப் பேரும் வச்சேன்."

"அதுவும் தெரியும்." அவன் திருகை மேசைமேல் வைத்தான். பிறகு இன்சுலேஷன் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தான். "ஒயர் இன்னும் அம்மணமாத்தான் இருக்கு. அத மூடணும். வண்டி எங்க?"

வண்டி கோயில் வாசலில் நின்றது. ஆஷெங் வருவதைப் பார்த்ததும் அம்மா இடுப்பில் கை வைத்தாள். "இப்ப எதுக்கு வந்த?"

"அம்மா, இரு" என்றாள் பெய்ஷான். வாங்க வந்தவர்கள் பக்கம் திரும்பி, ஒரே மூச்சில் சொன்னாள்: "லைட் போனதுக்கு அண்ணன் காரணமில்ல. நான் திருகு போட்டு ஒயர ஓட்டை பண்ணிட்டேன். அவரு ஒழுங்காத்தான் வேலை செஞ்சாரு. இனி யாரும் அவர அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடாதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

ஆஷெங் குனிந்து ஒயருக்கு டேப் சுற்றினான். அம்மா இருப்பதிலேயே பெரிய முட்டைக்கோஸைத் தேடி எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"இன்னிக்கு கோஸ் நல்லா இருக்கு. எலும்பு போட்டு சூப் வை" என்றாள்.

"சரிக்கா."

"இளசா இருக்கு. சீக்கிரம் வெந்துடும்."

"அம்மா!" பெய்ஷான் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அது கோஸ். மன்னிப்பு இல்ல."

இப்போது எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அம்மாவின் முகம் மிளகாய்ப்பழம்போலச் சிவந்தது. அவள் மகளைப் பார்த்தாள். ஆஷெங்கைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, குனிந்து நின்றாள்.

"என் மேலயும் தப்புதான் தம்பி. விசாரிக்காம பேசிட்டேன்."

அன்று பனிமூட்டத்துக்குள் அந்த நீல வண்டி மெதுவாகப் போனது. பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகள் எரிந்தன. பெய்ஷான் கனத்த புத்தகப் பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.