ஸ்டோரில் ஆள் படுக்கக் கூடாது

சுவர் சுட்டது. சுகன்யா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். குரங்கணிக்கு மேலே இந்தச் சரிவில் மார்கழி மூடுபனி இறங்கிவிட்டால் துவைத்த துணிகூட நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். கல்சுவர் எப்படிச் சுடும்?

ஏலக்காயைப் போட்டுச் சூட்டில் உலர்த்துவதற்காக அந்தக் காலத்தில் கட்டிய ஸ்டோர் அது. ஒரே கதவு, ஜன்னல் கிடையாது. அவளும் புருஷன் ஈஸ்வரும் எஸ்டேட் வீட்டைச் சுற்றுலாக்காரர்கள் தங்கும் இடமாக மாற்றியபோது, ஸ்டோரின் அடுப்பைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். காய் பரப்பும் கம்பிவலைத் தட்டுகளைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். வெள்ளையடித்துக் கட்டில் போட்டார்கள். பார்வையிட வந்த பஞ்சாயத்துக் கிளார்க் கண்ணுச்சாமி மட்டும் வாசலைத் தாண்டவில்லை.

"ரெண்டு ரூம்புக்குத்தான் அனுமதி. ஸ்டோர்ல ஆளப் படுக்க வைக்கக் கூடாது."

"ஏண்ணே, தீப்பிடிச்சிரும்னா?"

"கூடாதுன்னா கூடாது ஆத்தா. விடேன்."

சட்டமாம், பெரிய சட்டம்! லீவுக்கு வந்து நின்ற மதுரைக் குடும்பத்தைப் பிள்ளைகுட்டியோடு இந்தப் பனியில் எங்கே திருப்பி அனுப்புவது? ஸ்டோரிலேயே தங்க வைத்துவிட்டாள். மற்ற இரண்டு அறைக்காரர்களும் டிரெக்கிங் போயிருந்தார்கள். ஈஸ்வர் கோழி வாங்க ஜீப்பில் கீழே இறங்கியிருந்தான். மதுரைப் பிள்ளைகளோடு விளையாட அவள் மகள் சுஜிதாவும் ஸ்டோருக்குள் போயிருந்தாள்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. பச்சை ஏலக்காய் சூட்டில் வாடுகிற, தொண்டையைக் கமற வைக்கிற, ஸ்டோர் வேலை முடிந்து வரும் அம்மாவின் சேலையில் சின்ன வயதில் முகர்ந்த அதே வாசனை. திறந்திருந்த கதவிடுக்கில் ஆவி வெள்ளையாகக் கசிந்தது. சூடு வெளியே போனால் காயின் பச்சை போய்விடும். அம்மா தலையில் குட்டிக் குட்டிப் பழக்கியது கையில் ஊறியிருந்தது. சுகன்யா யோசிக்கவே இல்லை. கதவை அழுத்திச் சாத்தினாள், தாழ்ப்பாள் போட்டாள், அங்கே கிடந்த சாக்கைச் சுருட்டிக் கீழிடுக்கில் திணித்தாள். திணித்த பிறகுதான் உறைத்தது.

அய்யோ, உள்ளே பிள்ளை!

சாக்கைப் பிடுங்கினாள். தாழ்ப்பாளைத் தொட்ட விரல்கள் பொத்துப்போயின. துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு இழுத்தாள். அசையவில்லை.

"அம்மா, ரொம்ப வேகுதும்மா." சுஜிதாவின் குரலில் தூக்கம் அப்பியிருந்தது.

"வெரசா வந்து கதவத் தள்ளு தாயி!"

"எந்திரிக்க முடியலம்மா. தட்டு முதுகுல குத்துது."

என்ன தட்டு? உள்ளே தட்டே கிடையாதே!

ஈஸ்வருக்குப் போன் போட்டாள். சிக்னல் இல்லை. கத்தினாள். பனிக்குள் அவள் குரல் பத்தடிகூடப் போகவில்லை. விறகுக்கட்டையால் கதவை மாறி மாறி இடித்தாள். பிறகு, உள்ளே அந்தச் சத்தம். சரசர. சரசர. ஒரே பக்கம் வெந்துவிடாமல், காயைக் கையால் அளைந்து புரட்டிவிடுகிற சத்தம். முதலில் உயரத்தில் கேட்டது. மதுரைக்காரரின் இருமல் நின்றது. கொஞ்சம் இறங்கியது. அவர் மனைவியின் முனகல் நின்றது. இன்னும் கீழே. பிள்ளைகள்.

"வேணாம். அவள விட்டுருங்க. என்னையக் கொண்டுபோங்க," என்று சுகன்யா கதவில் நெற்றியை முட்டி அழுதாள்.

"அம்மா, யாரோ..."

சரசர.

தாழ்ப்பாள் தானாக நழுவியது. கதவு ஒரு சாண் திறந்தது. அனல் முகத்தில் அறைந்தது. கட்டில் இல்லை. தரையிலிருந்து கூரைவரை கம்பிவலைத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் தோல் சுருங்கி, வரிவரியாகப் பச்சையேறி, வந்தவர்கள் கிடந்தார்கள். அடித்தட்டில் சுஜிதா. கவுனுக்குள் பாதியாகச் சிறுத்திருந்தாள்.

சாம்பல் படிந்த ஒரு கை தட்டுகளுக்குப் பின்னாலிருந்து நீண்டது. சுஜிதாவின் கன்னத்தை விரலால் நசுக்கிப் பார்த்தது.

"இன்னும் ஈரம் போகல," என்றது ஒரு பெண்குரல், வேலை செய்து சலித்த குரல்.

கை அவளைப் புரட்டிப் போட்டது. சுஜிதாவின் முகம் வாசல் பக்கம் திரும்பியது. கண் திறந்திருந்தது. அந்தக் கண்ணுக்கு அம்மாவை அடையாளம் தெரிந்தது.