முன் ஆசனத்துப் பை

கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த சித்தி லைலா என்ற சட்டத்தரணியின் அலுவலகத்துக்குள் ஓர் இந்திய இளைஞன் வியர்க்க விறுவிறுக்க நுழைந்தான். பெயர் முத்தரசு, ஊர் கோயம்புத்தூர். யுத்தம் முடிந்த செய்தி கேட்டு, மலிவான பஸ்களிலேயே இலங்கையைச் சுற்றிப் பார்க்க வந்தவன். அம்பாறையிலிருந்து வந்த பஸ்ஸில் அவனுடைய பை காணாமற் போயிருந்தது. கடவுச்சீட்டு அதற்குள், மறுநாள் விமானம். கண்டக்டர் ஜீவராஜ்தான் திருடன் என்றும், பொலிசுக்கு முறைப்பாடு எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டான்.

லைலா பேனையைத் தொடவில்லை. நடந்ததைச் சொல்லச் சொன்னார்.

அம்பாறையில் ஜன்னல் வழியாகப் பையை முன் ஆசனத்தில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருக்கிறான். அதற்குள் பஸ் கிளம்பிவிட, ஓடிவந்து பின் கதவால் ஏறினான். முன்னே நகர முடியாத நெரிசல். பாட்டுக் கேட்டபடி நின்றே வந்தான்.

"சீட்டுப் பிடிக்கத்தான் மேடம் போட்டேன். எங்க ஊர்ல எல்லாரும் செய்றதுதானே."

அவனது கழுத்தில் தொங்கிய இயர்போனை லைலா ஒருகணம் பார்த்தார். பிறகு எழுதுவினைஞன் றஊபை பஸ் நிலையத்துக்கு விசாரித்துவர அனுப்பினார். தட்டச்சை விட இந்த வேலைதான் றஊபுக்குப் பிடிக்கும்.

அவன் துள்ளலோடு திரும்பி வந்தான். பின்னேரத்துக்குள் பை வராவிட்டால் ஜீவராஜைப் பொலிசில் கொடுப்பதாக பஸ் முதலாளி சொல்கிறார். ஜீவராஜ் வாயே திறக்கவில்லை. அதே பஸ்ஸில் வந்து அக்கரைப்பற்று பஸ்ஸுக்காகக் காத்துநின்ற பயணிகளும் ஒன்றும் காணவில்லை என்கிறார்கள். முனவ்வறா என்ற பெண் மட்டும், கைப்பிள்ளையோடு பின்னால் நின்றே வந்ததாகவும் முன்னால் ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்ததாகவும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்தக் கண்டக்டர்ட காற்சட்டையில முழங்கால் மட்டும் சேறு, மேடம். பஸ்ஸில நிண்ட மனிசனுக்கு எங்கால சேறு? பையை எங்கயோ ஒளிச்சிரிக்கான்."

லைலா றஊபின் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கண்டக்டரைக் கூட்டிக்கொண்டு வா. முதலாளி கேட்டா, நான் பொறுப்பு எண்டு சொல்லு."

ஜீவராஜ் வந்து தரையைப் பார்த்தபடி நின்றான்.

"களவு நடந்தா ஒரு பஸ்ஸே கதைக்கும் றஊப்," என்றார் லைலா. "இஞ்ச ஒருத்தரும் கதைக்கல்ல. பிள்ளையோட நிண்டவ வெறும் சீட்டில இருக்கவுமில்ல. பின்னால நெரிசல், முன்னால வெறும் சீட்டு. ஏன்? முன்னால ஆளில்லாத பை ஒண்டு இருந்திச்சி."

முத்தரசுக்கு விளங்கவில்லை. சொந்தக்காரன் இல்லாத பை என்றால் இங்கே இத்தனை வருடமாக ஒரே அர்த்தம்தான் என்றார் லைலா. பயணிகள் ஒவ்வொருவராக எழுந்து பின்னால் போனார்கள். பை யாருடையது என்று கண்டக்டர் கேட்டபோது, பதில் சொல்ல வேண்டியவனின் காது நிறையப் பாட்டு.

"பிறகு இவர் அதை வயலுக்குள்ள கொண்டுபோய் வெச்சார். எந்த வயல், தம்பி?"

"மாவடிப்பள்ளி," என்றான் ஜீவராஜ்.

"அதை இவ்வளவு நேரமும் ஏன் சொல்லல்ல?" றஊபின் குரல் தணிந்திருந்தது.

"கள்ளன் எண்டா ரெண்டு அடியோட போகும். குண்டுப் பையைத் தொட்டனான் எண்டா விசாரணை. என்ட அண்ணனையும் விசாரிக்கத்தான் கூட்டிப் போனாங்க."

லைலா கதிரையை விட்டு எழுந்தார்.

ஓட்டோவில் போனார்கள். வரப்பின் மேல் பை நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் ஒரு கொக்கு. ஜீவராஜ் வீதியிலேயே நின்றுவிட்டான். றஊபும் அவன் பக்கத்திலேயே நின்றான். முத்தரசு தனியே இறங்கிப் போய்ப் பையைத் தூக்கி வந்தான். கடவுச்சீட்டு பத்திரமாக இருந்தது.

"குண்டுன்னு நினைச்சும் நீங்களே ஏங்க தூக்கினீங்க?"

"பஸ்ஸில ஆக்கள் இருந்தாங்கதானே."

முத்தரசு இயர்போனைக் கழற்றிப் பைக்குள் வைத்தான். திரும்பும் வழியில், போட்டோ எடுக்க இறங்கிய இடத்தில் பையைத் தானே மறந்துவிட்டதாக முதலாளியிடம் சொல்லப்போவதாகச் சொன்னான். லைலா ஆமோதிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. வயல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பின்னேர பஸ்ஸில் கண்டக்டர் ஜீவராஜ்தான். முன் ஆசனத்தில் இருந்த முத்தரசு பையை மேல் தட்டில் வைக்க எழுந்தான். ஜீவராஜ் அவன் தோளைத் தொட்டு இருத்தினான்.

"மடியில இருக்கட்டும், தம்பி."