சொந்தமாக மிதித்த அரைநாள்

மனித குலத்தில் சொந்தக் காலால் சைக்கிள் மிதித்து, சொந்தமாக வழி தவறி, சொந்த வியர்வையோடு வீடு திரும்பும் கடைசி ஆள் தணிகைவேல்தான். இதைச் சொன்னதும் தணிகைவேல்தான். மறுத்துப் பேச வேறு யாரும் மிதிப்பதில்லை என்பதால் கூற்று அப்படியே நிலைத்துவிட்டது.

மற்றவர்களின் ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரி. ஓசூர் அடுக்ககங்களில் எல்லோரும் பல் துலக்கி, காபி குடித்து, காதுக்குப் பின்னால் இருக்கும் துளையில் கடுகளவு மணி ஒன்றைச் செருகிக்கொள்வார்கள். சவாரிமணி என்று பெயர். எங்கேயோ எவரோ மலைப்பாதையில் அரைநாள் சைக்கிள் ஓட்டிய நினைவு அதற்குள் இருக்கும். காபி ஆறுவதற்குள் அது மூளைக்குள் இறங்கிவிடும். புழுதி, ஏற்றத்தில் இரைத்த மூச்சு, இறக்கத்தில் கூசிய வயிறு எல்லாம் தனக்கே நடந்ததுபோல் ஞாபகத்தில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு சோபாவில் சாய்ந்து முழங்காலைத் தடவியபடி, "அப்பப்பா, என்ன ஏத்தம்!" என்பார்கள்.

"எவனோ மிதிச்சதுக்கு இவன் தைலம் தேய்க்கிறான் பாரு," என்று தணிகைவேல் சிரிப்பான். தன் காதுத்துளைமேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தான். யாராவது தங்கள் சவாரியைப் பற்றி வாயெடுத்தால், பாதியிலேயே பிடுங்கித் தன் சவாரியைச் சொல்லத் தொடங்குவான். சொந்தச் சரக்கு வைத்திருப்பவனுக்கு அந்த உரிமை உண்டு என்பது அவன் கட்சி.

மணியில் ஒரே ஒரு சங்கடம். நினைவுக்கு நகல் கிடையாது. பறித்த கத்தரிக்காய் செடியிலும் இருக்க முடியாதல்லவா, அந்த மாதிரி எடுத்தால் பெயர்ந்து வந்துவிடும். விற்றவருக்கு எதையோ விற்றோம் என்று தெரியும். எதை என்று தெரியாது. ஆகவே வேறு வழியில்லாதவர்கள்தான் விற்பார்கள்.

தணிகைவேலின் ஒரே நண்பன் அஸ்லம் அப்படி விற்றவன். மூளையில் கட்டி. அரூரைத் தாண்டி, தணிகைவேல் கேள்விப்பட்டே இராத ஓர் ஊர் மருத்துவமனையில் மாதக்கணக்காகக் கிடந்தான். சிகிச்சைக்காகத் தன் சவாரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்துவிட்டான். காதுத்துளையையும் மருத்துவர்கள் அடைத்துவிட்டார்கள்; இனி அவனுக்குள் எந்த மணியும் ஏறாது. அறுவைக்கு இன்னும் ஒருநாள்தான் இருந்தது. அதற்குப் பிறகு பேசினால் புரியுமா என்பதை அறுவை முடிந்தால்தான் சொல்ல முடியும் என்றார் மருத்துவர்.

அன்று காலை பார்க்கப் போன தணிகைவேலிடம், ஒருமுறை சங்கிலியில் சிக்கிக் கோணிப்போன இடது கட்டைவிரலால் போர்வையை நெருடியபடி அஸ்லம் சொன்னான்.

"மாப்ள, தொடை இருக்கு. மிதிச்ச ஞாபகம் ஒன்னுகூட இல்ல. வழிச்சு எடுத்துட்டாங்க. நீ போய் ஒரு அரைநாள் ஓட்டிட்டு வந்து சொல்லேன். கேட்டாவது வச்சுக்கிறேன்."

"அதுக்கு எதுக்குடா போகணும்? என்கிட்டதான் பழசு எக்கச்சக்கம் இருக்கே."

"அதெல்லாம் நீ சொல்லிச் சொல்லித் தேஞ்சுபோச்சு. எதுல பாத்தாலும் ஏத்தத்துல நீதான் முன்னாடி போற. எனக்குப் புதுசா ஒன்னு வேணும். இன்னைக்கு மிதிச்சது. கடைச் சரக்கு வேணாம்."

"யார்கிட்ட வந்து கடைச் சரக்குன்ற!" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டு தணிகைவேல் கிளம்பினான்.

மருத்துவமனை வாசலில் ஒரு மணிக்கடை இருந்தது. முண்டு முண்டான டயர் போட்ட சைக்கிள் ஒன்றை முகப்பில் மாட்டியிருந்தார்கள். தணிகைவேலின் சைக்கிள் ஓசூரிலேயே நின்றது.

"இது ஓடுமாம்மா?"

"யாரும் ஏறிப் பாத்ததில்ல சார். அழகுக்கு மாட்டினது," என்றாள் கடைக்காரி கோமளா.

"சரளைப் பாதை, மலைப்பக்கம் மாதிரி, இங்க எந்தத் திசையில போகணும்?"

"எதுக்குப் போகணும்?" அவள் நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

அவன் பரிதாபத்தோடு அவளைப் பார்த்துவிட்டு, சைக்கிளை இறக்கிக் காற்றடித்து ஏறினான். சாலையின் இரண்டு பக்கமும் சூரியத் தகடுகள். வானம் வரைக்கும் கறுப்பாகக் கிடந்தன. முதல் சரளைப் பாதை கண்ணில் பட்டதும் சந்தோஷமாகத் திரும்பினான். அது ஒரு கம்பிக் கதவில் போய் முட்டியது. கதவருகே நின்ற காவல் இயந்திரம் கைகூப்பியது.

"வணக்கம். இது சூரியப் பண்ணை. நாட்டுப்புறம் பார்க்க வந்திருந்தால், மருத்துவமனை வாசலில் நல்ல கடை ஒன்று இருக்கிறது."

அடுத்த பாதையிலும் ஒரு கதவு, ஒரு கைகூப்பல், அதே கடை. அதற்கடுத்ததிலும். தூரத்தில் தெரிந்த மலையை நம்பிப் போனான். மலைக்கும் தகடு போர்த்தியிருந்தார்கள். மரம் இல்லை, மாடு இல்லை, துரத்துவதற்கு ஒரு நாய்கூட இல்லை. வழி தவறலாம் என்றால் அதற்குக் குறைந்தது இரண்டு வழியாவது வேண்டும். வெயில் தகடுகளில் பட்டு முகத்தில் அறைந்தது. ஒரு கதவுக்கும் அடுத்த கதவுக்கும் நடுவே சங்கிலி அறுந்தது. மனித குலத்தின் கடைசி மிதிப்பாளன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குத் திரும்பினான்.

"போய்ட்டு வந்துட்டீங்களா? எப்படி இருந்துச்சு?" என்றாள் கோமளா.

தணிகைவேல் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். "சவாரிமணி ஒன்னு… எனக்கில்ல. தெரிஞ்சவருக்கு."

"இந்தாங்க. ஆஸ்பத்திரில இருந்து வர்ற சரக்கு, கலப்படமே கிடையாது. வித்தவங்க பேரு, ஊரு எல்லாம் கழுவியாச்சு."

கடைக்குப் பின்னால் போய்ப் பிளாஸ்திரியை உரித்தான். மணி உள்ளே போனது.

மழை விட்ட செம்மண். புளிய மரங்களின் அடியில் சரளை நறநறத்தது. ஒரு நாய் கொஞ்ச தூரம் துரத்திவிட்டு, கடமை முடிந்ததுபோல் நின்றது. ஓர் ஓடை குறுக்கிட்டது; இறங்கி முகம் கழுவினான். ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும் இடது முழங்கால் சொடுக்கியது. கைப்பிடியைப் பற்றியிருந்த கைகளைப் பார்த்தான். இடது கட்டைவிரல் கோணலாக இருந்தது.

அந்த விரலுக்குக் கைக்குட்டை சுற்றிவிட்டதே தணிகைவேல்தான்.

மேட்டின் உச்சியில் சைக்கிள் நின்றது. கீழே சாமைக் கொல்லை, மேலே மெல்ல நகரும் மேகம். மூச்சு வாங்கியது. அப்போது மனதில் ஒரு நினைப்பு ஓடியது: "இதை அப்படியே தணிகைகிட்ட சொல்லணும்."

விற்றவனின் பெயரைத்தான் கழுவுவார்கள். அவன் மனதில் இருப்பவன் பெயரைக் கழுவச் சட்டம் இல்லை.

ஒருநாள் அஸ்லம் போனில் ஆரம்பித்தது தணிகைவேலுக்கு நினைவு வந்தது. "மாப்ள, ஒரு வழி கண்டுபிடிச்சேன்டா. நடுவுல ஒரு ஓடை…" "ஓடையா? போன வாரம் நான் கடந்தது ஆறுடா!" என்று இவன் பிடுங்கிக்கொண்டு, போன் சூடாகும்வரை பேசினான். ஓடைக்கு அப்புறம் என்ன என்று கேட்கவே இல்லை.

சாயங்காலம் அஸ்லத்தைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள்.

"மிதிச்சியா?"

"பின்ன?"

தணிகைவேல் சொன்னான். புளிய மரம், நாய், ஓடை. ஏற்றத்தில் யாரையும் அவன் முந்தவில்லை. அஸ்லம் கண்ணை மூடிக் கேட்டான்.

"நானா இருந்தா அந்த ஓடையில இறங்கி மொகம் கழுவியிருப்பேன்."

"கழுவினேன்டா."

"மேல நின்னியே, தனியா. என்ன தோணுச்சு?"

தணிகைவேல் போர்வைமேல் இருந்த அந்தக் கோணல் விரலைப் பார்த்தான். "உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

"புளுகாத. நீ எப்படா அடுத்தவனை நெனச்ச?" அஸ்லம் சிரித்தான். "இந்த மாதிரி ஒரு வழி நான் போனதே இல்ல மாப்ள. நானும் ஒரு தடவை…" என்று ஆரம்பித்து நிறுத்தினான். நெற்றியைச் சுருக்கித் தேடினான். வாழ்க்கையில் முதல் முறையாகத் தணிகைவேல் குறுக்கே பேசாமல் காத்திருந்தான். எதுவும் வரவில்லை.

"விடு. அந்த மேட்டை இன்னொரு தடவை சொல்லு," என்றான் அஸ்லம்.

தணிகைவேல் நாற்காலியில் சாய்ந்து, இதுவரை ஒருநாளும் வலித்திராத தன் இடது முழங்காலை மெதுவாகத் தடவிக்கொண்டான்.

"அப்பப்பா," என்றான். "என்ன ஏத்தம்!"