வேனுக்குள் வந்த புகை

கண்டக்குழிப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் வேன், பஹ்மாவின் வாப்பா நௌஃபருடையது. அதன் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருந்தது. கடற்காற்றுப் பட்டு, புகைக்குழாயை மூடியிருந்த தகடு துருப்பிடித்துவிட்டது. தோணிக்குப் பூசி மிஞ்சிய நீலப் பெயின்டை வாப்பா அதில் பூசிவிட்டார்.

மறுநாள் பாதி வழியில் அந்த நீலப் பெயின்ட் சூட்டில் கருகி, வேனுக்குள் புகை வந்தது. பிள்ளைகள் இருமினார்கள். இரண்டாம் வகுப்பு இனாஸுக்கு ஏற்கெனவே இழுப்பு. அவன் மூச்சுவிடச் சிரமப்பட்டதும் வாப்பா பதறிப்போய் வேனை நிறுத்தினார். பஹ்மா அவனை வெளியே கூட்டிவந்து, நல்ல காற்றில் உட்கார வைத்தாள். சற்று நேரத்தில் அவன் தேறினான்.

அன்று பின்னேரம் இனாஸின் உம்மா ஸக்கியா வந்தார்.

"கோவிக்காதீங்க நானா. இனி மகனை வேன்ல அனுப்பப் பயமா இரிக்கி."

வாப்பா தேத்தண்ணியைக்கூடத் தொடவில்லை.

"வாப்பா, சூட்டைத் தாங்குற பெயின்ட் இல்லையா?" என்று பஹ்மா கேட்டாள்.

"இரிக்கும் மகள். வாங்க, பாலாவிக் கடையில கேட்டுப் பாப்பம்."

பாலாவிக் கடைக்காரர் இரண்டு சிறிய டின்களை எடுத்து வைத்தார். ஒன்று பளபளக்கும் வெள்ளி நிறம். மற்றது மங்கிய கறுப்பு.

"ரெண்டும் சூடு தாங்கும். வெள்ளி இருநூறு பாகை வரைக்கும். கறுப்பு அறுநூறு."

"வெள்ளிதான் வடிவா இரிக்கி," என்றார் வாப்பா.

"எங்கட தகடு எவ்வளவு சூடாகும்?" என்றாள் பஹ்மா.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். வாப்பாவும் சொறிந்தார்.

"அப்ப ரெண்டையும் சுட்டுப் பாப்பம்!" என்றாள் பஹ்மா.

"சுடுறதுக்கு இது என்ன அப்பமா?" என்று கடைக்காரர் சிரித்தார். ஆனாலும் இரண்டு டின்களையும் பையில் போட்டுக் கொடுத்தார்.

இரண்டு வெற்று மீன் டின்களில் ஆளுக்கொரு நிறம் பூசிக் காயவிட்டார்கள். சனிக்கிழமை, வாப்பா அவற்றை இடுக்கியால் பிடித்து முற்றத்து அடுப்புத் தணலில் வைத்தார்.

வெள்ளி கொப்பளித்து உரிந்தது. கறுப்பிலிருந்தும் புகை வந்தது!

"இதுவும் சரிவராது மகள்," என்று வாப்பா சோர்ந்துபோனார்.

பஹ்மா உற்றுப் பார்த்தாள். "கறுப்பு உரியல்லையே வாப்பா. ஆறவிட்டு இன்னொருக்கா வைங்க."

இரண்டாம் முறை புகையும் இல்லை, மணமும் இல்லை.

"அல்ஹம்துலில்லாஹ்! முதல் சூட்டுலதான் புகையுது," என்றார் வாப்பா. "அதை ஆளில்லாத வேன்ல புகைய விடுவம்."

நீலத்தை முழுவதும் சுரண்டிவிட்டுத் தகட்டுக்குக் கறுப்புப் பூசினார்கள். காய்ந்ததும், கதவுகளையெல்லாம் திறந்துவைத்து எஞ்சினை வெறுமனே ஓடவிட்டார்கள். புகை கிளம்பி அடங்கியது. ஆறவிட்டு மறுபடி ஓடவிட்டபோது எதுவும் வரவில்லை.

பஹ்மா ஸக்கியாவிடம் ஓடினாள். "மாமி, முதல்ல நீங்க ஏறி இருந்து பாருங்க. பிறகு இனாஸை அனுப்புங்க."

ஸக்கியா முன் இருக்கையில் ஏறினார். கற்பிட்டி வரைக்கும் மோந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்னமோ மணக்குது!" என்றார் திடீரென்று.

வாப்பா திடுக்கிட்டுப் பிரேக்கை மிதித்தார். பஹ்மா வெளியே எட்டிப் பார்த்தாள்.

"மாமி, அது ரோட்டோரத்துல காயுற கருவாடு!"

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

திங்கட்கிழமை காலை இனாஸ் வேனில் ஏறி, ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டான். பாடசாலை வாசல் வரும்வரை அவன் வாய் ஓயவேயில்லை. வாப்பா கண்ணாடியில் அவனைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தபடியே வேனை ஓட்டினார்.