இறங்கி வரும் நாற்காலிகள்

பால்கனியில் தொங்கும் பிரம்பு ஊஞ்சலுக்குக் கீழே மூன்றாவது நாளாகத் தண்ணீர் தேங்கியிருந்தது.

மழை பெய்து நாற்பது நாளுக்கு மேல் ஆகிறது. கத்திரி வெயிலில் ஆழ்வார்பேட்டை மூன்றாவது மாடி எப்படியிருக்கும் என்று குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால் காய்ந்திருக்கும். முதல் நாள் ஆனந்தகுமார் மேல்வீட்டுக்காரர்களைத் திட்டினார். இரண்டாம் நாள் ஏசியைச் சந்தேகப்பட்டார், ஆனால் ஏசி அந்தப் பக்கச் சுவரிலேயே இல்லை. இன்று குனிந்து விரலை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். பற்கள் கூசுகிற அளவுக்குக் குளிர்ந்த தண்ணீர். நடுவில் வெள்ளையாக ஒரு துணுக்கு மிதந்தது. தெர்மாகோல் என்று நினைத்து எடுத்தார். விரலிடுக்கில் கரைந்துபோனது.

"ஊஞ்சல்ல யாரு உக்காந்தது? மெத்தை நனைஞ்சு, நடுவுல குழி விழுந்திருக்கு" என்று அவர் மனைவி ஸ்வர்ணலதா காலையில்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல், பெருங்குடியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த ஊஞ்சல் அவள் பாண்டி பஜாரில் ஆசையாக வாங்கியதுதான். ஆனந்தகுமார் அதில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. ஜனவரிக்குப் பிறகு, மேலிருந்து தொங்கும் எந்த இருக்கையையும் அவருக்குப் பார்க்கப் பிடிப்பதில்லை.

மணி நாலேகால். ஐந்து மணிக்குக் கீர்த்தி வருவதாகச் சொல்லியிருந்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார், போன்ல வேணாம்" என்றிருந்தாள். அந்த ஒன்று என்னவென்று அவருக்குத் தெரியும். நாலு மாதமாகத் தெரியும்.

தி.நகரில் அவருடைய டூர் ஏஜென்சிக்குப் பதினோரு வருடமாக நல்ல பெயர். சமையல்காரரையும் மளிகையையும் கூடவே கூட்டிப்போய், இமயமலையிலும் ரசம் சாதம் போடுவார். அங்கே ஒரு மலையூருக்கு ஆறு கோடைகள் கூட்டம் சேர்த்துப் போயிருக்கிறார். அங்கே சேர் லிஃப்ட் உண்டு. மலையடியிலிருந்து உச்சிவரை ஓடும் இரும்புக் கயிற்றில், இருவர் உட்காரும் நாற்காலிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டு போகும், நிற்காது. பின்னாலிருந்து வந்து முழங்காலின் உள்மடிப்பில் தட்டும், தட்டியதும் உட்கார்ந்துவிட வேண்டும். தலைக்கு மேலிருக்கும் தடுப்புக் கம்பியை இறக்கி மடிக்குக் குறுக்கே போட்டுக்கொள்ள வேண்டும். கோடையில் அது பொருட்காட்சி ராட்டினம் மாதிரி. ஏறுகிற நாற்காலியிலும் ஆள், இறங்குகிற நாற்காலியிலும் ஆள். எதிரெதிரே கடக்கும்போது முன்பின் தெரியாதவர்கள் கையசைப்பார்கள். காலுக்குக் கீழே முப்பது அடியில் பாறையும் புல்லும் மேயும் குதிரைகளும் தெரியும். உச்சியில் இறங்கப் பயமாக இருந்தால் உட்கார்ந்தபடியே சக்கரத்தைச் சுற்றித் திரும்பிவிடலாம், கீழே ஓர் ஆள் நின்று கைபிடித்து இறக்கிவிடுவான்.

குளிர்காலத்தில் அதே கயிறு, அதே நாற்காலி, ஆனால் வழக்கம் வேறு. பனிச்சறுக்குக்காரர்கள் ஏறுவார்கள், சறுக்கியபடி இறங்குவார்கள். சுற்றிப்பார்க்க வந்தவர்களை உச்சியிலிருந்து ஜீப்பில் இறக்குவார்கள். இறங்கி வரும் நாற்காலிகள் அத்தனையும் காலி. காலி நாற்காலியை யார் நின்று பார்க்கப்போகிறார்கள்? நாலு மணியடித்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இதெல்லாம் அவருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. குளிர்காலத்தில் அவர் போனது இந்த ஜனவரியில்தான் முதல் தடவை, ஆனால் எல்லாம் தெரிந்தவர் போலத்தான் நடந்துகொண்டார்.

புஷ்பம் அந்தக் கூட்டத்தில் இருபத்தேழாம் நம்பர். பாலவாக்கத்துக்காரர், அறுபத்து மூன்று வயது, பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவர். பனியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்காக மகள் கீர்த்தி அனுப்பிவைத்திருந்தாள்.

"இன்னா சார், ஊஞ்சலு மாதிரி கீது, நிக்காம ஓடிக்கினே கீதே" என்றார் நாற்காலியைப் பார்த்து. "எறங்கசொல்ல முட்டி புடிச்சுக்கினா இன்னா பண்றது?"

"எறங்கவே வேணாம்மா. அப்படியே உக்காந்திருங்க, அதுவே கீழ கொண்டாந்து விட்டுடும்" என்றார் ஆனந்தகுமார். "கம்பிய மட்டும் தூக்காதீங்க. கீழ முப்பது அடி."

புஷ்பம் உட்கார்ந்திருந்தார். சொன்னதைக் கேட்கிற மனுஷி.

உச்சியில் பனிமூட்டம். நாற்காலி சுற்றித் திரும்பியதை யாரும் கவனிக்கவில்லை. பாதி வழி இறங்கியபோது மணி நாலு. மோட்டார் நின்றது.

மற்றவர்கள் ஜீப்பில் இறங்கி வந்ததும், கீழே பஸ்ஸில் எண்ணிக்கை. அது அவருடைய டூரில் விளையாட்டு மாதிரி நடக்கும். ஆளுக்கொரு நம்பர், வரிசையாக அவரவர் குரல் கொடுக்க வேண்டும். இருபத்தாறு வந்தது. இருபத்தேழு வரவில்லை. பின்சீட்டில் கம்பளி போர்த்திய உருவம் ஒன்று சாய்ந்திருந்தது. பாவம், அசந்துவிட்டார் என்று நினைத்து, ஆனந்தகுமாரே புஷ்பத்தின் குரலை எடுத்து, "இருபத்தேழு கீது சார்!" என்றார். ஐந்து நாளாக அவர் செய்துவந்த வேடிக்கை அது, புஷ்பமே வாய்விட்டுச் சிரிப்பார். பஸ் முழுக்கச் சிரித்தது. இருபத்தெட்டு என்றார் அடுத்தவர். கம்பளிக்குள் இருந்தவை பெட்டிகள்.

ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு தட்டு மிஞ்சியது. சமையல்காரர் தங்கவேல் கேட்டதற்கு, "அந்தம்மா தூங்குறாங்க, எழுப்பாதே" என்றார்.

மறுநாள் காலையில் பார்த்தபோது புஷ்பம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் கம்பியில். விரல்களைப் பிரிக்க முடியவில்லை. நாற்காலிக்குக் கீழே பனி அவ்வளவு உயரம் ஏறியிருந்தது, அவர் காலுக்கும் பனிக்கும் நடுவே ஓர் ஆள் உயரம்கூட இல்லை. கம்பியைத் தூக்கிக் குதித்திருந்தால் மெத்தைமேல் விழுந்த மாதிரிதான். நூறடி நடந்தால் காவல்காரன் கொட்டகை. ஆனால் முப்பது அடி என்று சொல்லியிருந்தார்களே.

விசாரித்த போலீஸிடம் ஆனந்தகுமார் ஒரே ஒரு வரி சொன்னார். வேண்டாம் என்றேன், கேட்காமல் போனார். அவ்வளவுதான். எழுதிக்கொண்டார்கள்.

கதவு தட்டப்பட்டது. கரண்ட் போய் ஒரு மணிநேரம் ஆகியிருந்ததால் பெல் அடிக்கவில்லை.

கீர்த்தி உள்ளே வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், வேர்வையில் முகம் பளபளத்தது. கைப்பையிலிருந்து டூர் பேட்ஜை எடுத்து டீப்பாயில் வைத்தாள். இருபத்தேழு.

"இதை மட்டும் திருப்பிக் குடுத்தாங்க சார்" என்றாள். "வீட்ல எல்லாரும் என்ன சொல்றாங்க தெரியுமா? உங்கம்மாவுக்குக் கொழுப்பு, சொன்னாக் கேக்காம செத்தா. அப்படிப்பட்டவளை நீ ஏன் தனியா அனுப்பினேங்கறாங்க."

ஆனந்தகுமார் தரையைப் பார்த்தார்.

"அம்மா அப்படி இல்ல சார். பஸ்ல கண்டக்டர் சொன்னாத்தான் எறங்குவாங்க. டாக்டர் உக்காருன்னு சொல்லலைன்னா நின்னுக்கிட்டே இருப்பாங்க. அவங்களா எதுவும் பண்ண மாட்டாங்க." பேட்ஜை அவர் பக்கம் நகர்த்தினாள். "யாராவது சொல்லியிருக்கணும், உக்காந்தே இருன்னு. யாரு சார் சொன்னது? அது மட்டும் தெரிஞ்சாப் போதும். நான் சண்டைக்கு வரல. தூக்கம் வர மாட்டேங்குது."

நான்தான் என்று சொன்னால் போதும். இந்தப் பெண் இன்று ராத்திரி தூங்குவாள். அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. கூடவே தி.நகர் பெயர்ப்பலகையும், ஜூன் மாதம் கிளம்ப வேண்டிய கூட்டமும் ஞாபகத்துக்கு வந்தன.

"நான் வேணாம்னுதாம்மா சொன்னேன்" என்றார். "கேக்கலை."

டடக்.

பால்கனியிலிருந்து வந்தது. இரும்பு மேல் இரும்பு ஏறி இறங்கும் சத்தம். தூணில் இருக்கும் சக்கரங்களைத் தாண்டும்போது ஒவ்வொரு நாற்காலியும் போடுகிற சத்தம் அது. ஆறு கோடைகள் கேட்ட சத்தம். அவர் திரும்பவில்லை.

கீர்த்தி கைகளைத் தேய்த்துக்கொண்டாள். "ஏசி ரொம்ப வெச்சிருக்கீங்களா சார்?"

"கரண்ட் இல்லையேம்மா."

அவள் வாயிலிருந்து மெல்லிய புகை வந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சரி சார். அப்ப அம்மா மேலதான் தப்பு. நீங்க என்ன பண்ணுவீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு அவருக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. செருப்புச் சத்தம் படியில் இறங்கி மறையும்வரை கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

டடக்.

போதும் என்று தோன்றியது. இந்த ஊஞ்சலைக் கழற்றி வாட்ச்மேனிடம் கொடுத்துத் தொலைத்துவிட்டால் ஆயிற்று. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், இங்கே இருட்டுகூட இல்லை, சாயங்கால வெயில் சுவரெல்லாம் மஞ்சளாக அடிக்கிறது. மனசைத் திடப்படுத்திக்கொண்டு மிதியடித் துணியை எடுத்துப் பால்கனிக்குப் போனார். ஊஞ்சல் அசையாமல் தொங்கியது. மெத்தையில் குழி. தண்ணீர் இப்போது தரை முழுக்கப் பரவியிருந்தது, ஓரங்களில் கண்ணாடித் தகடு போல இறுகியிருந்தது. வழுக்கி விழுந்துவிடக்கூடாதே என்று, ஊஞ்சலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, துடைக்க ஆரம்பித்தார். கம்பளி வாசனை வந்தது. பீரோவில் பாச்சா உருண்டையோடு கிடந்த கம்பளியின் வாசனை. கூடவே தேங்காயெண்ணெய்.

முழங்காலின் உள்மடிப்பில் தட்டியது.

உட்கார்ந்துவிட்டார். உடம்புக்குப் பழக்கம்.

தலைக்கு மேலிருந்து கம்பி இறங்கி மடியில் அமர்ந்தது. பிரம்பு இல்லை. இரும்பு. வேட்டியைத் தாண்டித் தொடையைச் சுட்டது குளிர். காலுக்குக் கீழே டைல்ஸ் தரை நகர்ந்தது, கைப்பிடிச் சுவர் நகர்ந்தது, கொடியில் காய்ந்த துண்டு முகத்தில் உரசிப் பின்னால் போனது.

டடக்.

ஹார்ன் சத்தம் இல்லை. காய்கறி வண்டிக்காரரின் குரல் இல்லை. தெரு இல்லை. எங்கும் வெள்ளை. காலுக்கு மிக அருகில், ஓர் ஆள் உயரத்தில், மெத்தை போல வெள்ளை. கம்பியைத் தூக்கினால் போதும். ஒரு குதி. ஆனால் அவர் குடியிருப்பது மூன்றாவது மாடி. கீழே நிறுத்தியிருந்த பைக்குகளும், காம்பவுண்ட் சுவரின் கூர்க்கம்பிகளும் அவருக்குத் தெரியும். மூன்று மாடி. முப்பது அடி. இது பனியா? பனிதானா? கை கம்பியைப் பிடித்தது. தூக்கத் துணியவில்லை.

நாற்காலி இடப்பக்கம் லேசாகத் தாழ்ந்தது. யாரோ நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"கம்பிய மட்டும் தூக்காதீங்க சார்" என்றது பக்கத்துக் குரல், அக்கறையாக. "கீழ முப்பது அடி."

பின்னால், தூரத்தில், அவர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

"சார்! நான்தான், கீர்த்தி. அம்மாவோட பேட்ஜை உள்ளயே வெச்சுட்டேன். சார், இருக்கீங்களா?"

கத்தினார். வாய் திறந்தது, புகைதான் வந்தது. இன்னொரு தடவை கத்தினார். தொண்டையில் பனி.

"சார்?" கீர்த்தியின் குரலில் கவலை ஏறியது. "உடம்பு சரியில்லையா சார்? கீழ போய் யாரையாவது கூப்பிடட்டுமா?"

கூப்பிடு. கூப்பிடும்மா.

"இருக்கேம்மா" என்றது வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். அவருடைய குரல். அதே இழுவை, அதே தொண்டைச் செருமல், அச்சாக அவர்தான். "சும்மா படுத்திருக்கேன். நாளைக்கு ஆபீஸ்ல வந்து வாங்கிக்கோ."

"சரி சார். தூங்குங்க, எழுப்பிட்டேன்."

செருப்புச் சத்தம் படியிறங்கியது. ஒரு மாடி. இரண்டு மாடி. வீட்டுக்குள் யாரோ சிரித்தார்கள், ஒருவர் அல்ல, ஒரு பஸ் நிறையப் பேர்.

டடக்.

மோட்டார் நின்றது.

நாற்காலி முன்னும் பின்னும் ஆடி அடங்கியது. வெள்ளைக்கு மேல் வெள்ளையாக, சத்தமில்லாமல் பனி விழ ஆரம்பித்தது. ஆனந்தகுமார் மடியைப் பார்த்தார். கம்பியின் மேல், அவருடைய பத்து விரல்களுக்குப் பக்கத்தில், இன்னும் பத்து விரல்கள் இருந்தன.